காதைப் பொத்தும் பிள்ளைக்கு ஹெட்போன் இசை: காசு கட்டலாமா?

மே 3 (கேள்வி, நெடுங்கேணியிலிருந்து ஒரு அம்மா)

மகளுக்கு ஆறு வயது. கிரைண்டர் போட்டால், பக்கத்து வளவில் தண்ணீர் மோட்டர் இறைத்தால், காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள். ஆனால் நான் பக்கத்தில் நின்று பெயரைக் கூப்பிட்டால் சிலவேளை திரும்பியே பார்க்கமாட்டாள். கனடாவில் இருக்கும் மச்சாள், இதற்கென்றே செய்த ஹெட்போனும் இசையும் இருக்கிறது, காலையில் அரை மணித்தியாலம், பின்னேரம் அரை மணித்தியாலம் கேட்கவைத்தால் மூளை பழகிவிடும், காசு நான் கட்டுகிறேன் என்கிறா. அவவின் சிநேகிதியின் மகனுக்குச் சரிவந்ததாம். யாராவது பாவித்துப் பார்த்தீர்களா அண்ணா, அக்கா?

மே 3, இரவு (என் பதில்)

மச்சாளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் தங்கச்சி. காசை எப்போதும் கட்டலாம், கட்டின காசு திரும்பாது.

பெயரைக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதல் அலுவல் அதுதான். கேட்டல் பரிசோதனை செய்தாயிற்றா? நடுக்காதில் நீர் கோத்து நிற்கிற பிள்ளைக்கு ஒரு கிழமை நன்றாகக் கேட்கும், அடுத்த கிழமை மந்தமாகும், தடிமன் வந்தால் இன்னும் மோசம். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. அந்தக் காதில் ஹெட்போனை மாட்டி மொஸார்ட்டைப் போட்டு என்ன காண்பது? உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள், எங்கே போவது என்று வழி சொல்லுவா.

மே 4

நான் யார் என்று கேட்டிருக்கிறார்கள். டொக்டர் இல்லை. கிளிநொச்சிப் பக்கம் சவுண்ட் சேர்விஸ் நடத்துகிறவன். கோயில் திருவிழா, சாமத்திய வீடு, செத்த வீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, எல்லாவற்றுக்கும் அம்ப்ளிஃபையரும் (அம்ப்) ஸ்பீக்கர் பொக்ஸும் கொண்டுபோய்க் கட்டுவேன். என் இளைய மகன் 2016இல் பிறந்தவன். காதைப் பொத்துகிறவன். கடவுளுக்கும் பகிடி விளங்கும் போலிருக்கிறது.

அவன் சின்னவனாக இருக்கும்போது நான் ஒரு வயரைச் செருகினாலே வீட்டின் பின்பக்கம் ஓடிவிடுவான். அம்ப் போடும்போது வரும் அந்த "டப்" என்ற சத்தத்துக்குத்தான் அவ்வளவு பயம். பாட்டு உரத்துப் போனால் அவ்வளவு இல்லை. இது எனக்கு விளங்க நெடுநாள் எடுத்தது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

மே 6

இந்த இசைச் சிகிச்சை எங்கிருந்து வந்தது என்று கேட்டவருக்கு.

பிரான்சில் அல்ஃபிரட் தொமாத்தி என்றொரு காது, மூக்கு, தொண்டை வைத்தியர் (1920–2001). ஒபேராப் பாடகரின் மகன். காது கேட்காத ஒலியைக் குரல் தராது என்பது அவருடைய கொள்கை. அப்படியென்றால் காதைத் திருத்தினால் குரல், பேச்சு, நடத்தை எல்லாம் திருந்தும் என்று போனார். ஒரு மிஷின் செய்தார். அதில் இசை இரண்டு வழியாகப் போகும். ஒன்றில் கனத்த ஒலி தூக்கலாக இருக்கும், மற்றதில் கீச்சொலி தூக்கல். இசை ஏறி இறங்க, மிஷின் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும். மொஸார்ட், தேவாலயங்களில் பாடும் கிரெகோரியன் பாட்டு, வடிகட்டிய தாயின் குரல் என்று கொடுத்தார்.

அவருக்குப் பின் அதே நாட்டில் கீ பெரார். அவருடைய முறையில் அரை மணித்தியாலம் வீதம் 20 தடவை, நாளுக்கு இரண்டு. பிள்ளையின் காது எந்த அலைவரிசையில் மிகக் கூர்மையோ, அதை இசையிலிருந்து வெட்டிவிடுவார். பிறகு அமெரிக்காவில் ஷீலா ஃபிரிக் என்ற தொழில்வழிச் சிகிச்சையாளர் (பேருக்குத்தான் தொழில், பிள்ளைகளுக்கு விளையாட்டும் அன்றாட வேலையும்தான் தொழில்) இதை ஊஞ்சல், குதித்தல் போன்ற பயிற்சிகளோடு சேர்த்தார். உங்கள் மச்சாள் சொல்லும் காலை, பின்னேரக் கணக்கு அந்த வழியில் வந்ததாக இருக்கவேண்டும். அதற்குப் பின்னால் ஸ்டீபன் போர்ஜஸ் வந்து, நடுக்காதின் சின்னத் தசைகளை மனிதக் குரலுக்குப் பழக்குகிறோம் என்று 5 மணித்தியாலப் பாட்டுத் தொகுதி ஒன்றைச் செய்தார்.

இவற்றையெல்லாம் ஒன்றாகப் போட்டு "இசைச் சிகிச்சை" என்று விற்கிறார்கள். ஒரு ஆள் பிள்ளையோடு இருந்து, பிள்ளை தட்டினால் தானும் தட்டி, பாடினால் தானும் பாடி நடத்தும் சிகிச்சை வேறு. அதில் ஹெட்போனே இல்லை.

மே 6, பின்னேரம்

இன்னொன்று. ஃபிரிக்கின் முறை பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவர் பிள்ளையைப் பார்த்து, பாட்டைத் தெரிவுசெய்து, இடையிடையே மாற்றி நடத்துவதற்காகச் செய்யப்பட்டது. பெட்டியைத் தபாலில் அனுப்பினால் பாதிச் சாமான்தான் வந்து சேரும்.

மே 9

சூன் பாண் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் ஒழுங்கைக்கும் பின்னேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ஓட்டோ வரும். இலங்கை முழுக்க அடிக்கிற அந்த மெட்டு பேத்தோவனுடையது. 1810ஆம் ஆண்டுப் பியானோ மெட்டு. பேத்தோவன் உயிரோடு இருந்தால் ஒரு கிழங்கு ரோலாவது உரிமைத்தொகையாகக் கேட்டிருப்பார். மகனுக்கு அது யமன். ஓட்டோ முறிகண்டிப் பக்கம் திரும்பும்போதே, எங்களுக்கு ஒன்றும் கேட்கமுதல் அவனுக்குக் கேட்டுவிடும். காதைப் பொத்தி, கண்ணை மூடி, உடம்பு விறைத்து நிற்பான். மனைவி பாண்காரரிடம் எங்கள் வீட்டடியில் நிறுத்திவிட்டுப் போகும்படி கேட்டா. அவர் நல்ல மனுசன், நிறுத்தினார். ஆனால் அது இன்னும் மோசமாகிவிட்டது. எப்போது நிற்கும், எப்போது மறுபடி தொடங்கும் என்று தெரியாமல் பிள்ளை ஒழுங்கை முடியும்வரை நடுங்கினான்.

பிறகு பாண்காரரே ஒரு வேலை செய்தார். "தம்பி, நீயே நிப்பாட்டு" என்று சுவிட்சைக் காட்டினார். முதல் நாள் மகன் கிட்டப் போகவில்லை, அக்காதான் அமத்தினாள். நாள் போகப்போக அவனும் போனான். அமத்தினான், போட்டான், அமத்தினான். பாண்காரருக்கு வியாபாரம் கெடுகிற அளவுக்குப் போட்டுப் போட்டு அமத்தினான். இப்போது அந்த மெட்டு வந்தால் ஓடிப்போய் ஓட்டோவுக்குப் பக்கத்தில் நிற்கிறான். சிகிச்சைக் கட்டணம் ஒரு மாலுபாண்.

சத்தத்தின் அளவு மாறவில்லை. சுவிட்ச் அவன் கைக்கு வந்தது. அம்பின் "டப்" சத்தமும் அதே கதைதான். இப்போது நான் "போடப்போறன்" என்று சொல்லி அவனையே போடவிடுகிறேன்.

மே 10

"அப்ப உங்கள் பிள்ளைக்குச் சரியாகிவிட்டது, எல்லாருக்கும் சுவிட்ச் கொடுத்தால் போதுமா" என்று நக்கலாக ஒருவர் எழுதியிருக்கிறார். சரியாகவில்லை ஐயா. நேற்றும் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்க மேசைக்குக் கீழே போயிருக்கிறான். சூன் பாண் ஒன்றுதான் தீர்ந்தது.

மே 13

ஆதாரம் கேட்டீர்கள்.

ஆய்வுகளையெல்லாம் சேர்த்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பு 2011இல் ஓட்டிசம் உள்ளவர்களுக்கான ஒலிச் சிகிச்சைகளைப் பார்த்தது. அகப்பட்டவை ஏழு ஆய்வுகள், மொத்தம் 182 பேர். ஆறு பெராரின் முறை, ஒன்று தொமாத்தியின் முறை. பயன் உண்டு என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். இவ்வளவு வருடம் விற்றதற்கு 182 பேர். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில் இதைவிடக் கூட நிற்கும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012இல் சொன்னது இன்னும் அகலமானது. புலன் செயலாக்கக் கோளாறு (சத்தம், வெளிச்சம், தொடுகையை மூளை சரியாகக் கையாளாத நிலை) என்பதைத் தனி நோயாக எழுதாதீர்கள், புலன் சார்ந்த சிகிச்சைகளை ஒரு முழுத் திட்டத்தின் பகுதியாகப் பாவிக்கலாம், ஆனால் ஆய்வு குறைவு என்பதைப் பெற்றோருக்குச் சொல்லுங்கள் என்றார்கள். 2013இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டிலும் (DSM-5) அது தனி நோயாக இல்லை. ஓட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக, சத்தம், வெளிச்சம், தொடுகைக்கு மிகையாகவோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவதைச் சேர்த்திருக்கிறார்கள்.

கவனியுங்கள், 2012இல் சொன்ன எச்சரிக்கை நான் பிறகு சொல்லப்போகும் ஊஞ்சலுக்கும் பொருந்தும். வித்தியாசம் என்னவென்றால் ஊஞ்சலுக்குக் கயிற்றுக் காசுதான்.

மே 13, இரவு

தனி நோய்ப் பெயர் இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டிலுக்குக் கீழே ஒளிக்கிற பிள்ளை நடிக்கவில்லை.

மே 17

மாங்குளத்து அக்கா ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறா. அவவின் மகள் வெளிநாட்டில் ஒரு வருடம் இந்த முறையில் இருந்தாளாம், நித்திரை சீரானதாம், சந்தைக்குப் போகத் தொடங்கினாளாம். "நீங்கள் வாங்காததைப் பற்றி வாய் காட்டாதீர்கள்" என்கிறா.

நியாயம். இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவ சொல்வது பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த அரை மணித்தியாலத்தில் நடப்பதைப் பாருங்கள். ரிவி நிற்கிறது. தொலைபேசி நிற்கிறது. அம்மா பக்கத்தில் தரையில் இருந்து பிள்ளையோடு கட்டை அடுக்குகிறா. ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே இடம். அதோடு பிள்ளைக்கு ஒரு வயதும் கூடுகிறது. இதில் எது வேலை செய்தது? வடிகட்டிய மொஸார்ட்தான் என்று சொல்ல, வடிகட்டாத மொஸார்ட்டைக் கேட்ட இன்னொரு பிள்ளை வேண்டும். ஆய்வுக்காரர் சண்டைபிடிப்பது இதற்காகத்தான்.

ஆனாலும் அக்கா, உங்கள் மகள் சந்தைக்குப் போனாள். அதைவிடப் பெரிய முடிவு எனக்கு வேண்டாம். சிகிச்சையாளர் பக்கத்தில் இருந்து, காசும் இருந்து, பிள்ளைக்கும் பிடித்திருந்தால் ஏன் செய்யக்கூடாது என்று யாரும் கேட்டால் என்னிடம் மறுப்பு இல்லை. கடன்பட்டு, தாலிக்கொடி அடகுவைத்துச் செய்யாதீர்கள் என்பதுதான் என் கதை.

மே 18

நானே வடிகட்டிப் பார்த்தேன். கடையில் மிக்ஸர் சும்மாதானே கிடக்கிறது. ஒரு தவில் கச்சேரியை எடுத்து, கனத்த ஒலியை வெட்டி, கீச்சை ஏற்றி, இடையிடையே தாவவிட்டு என் காதில் மாட்டினேன். லூஸ் கொன்டாக்ட் உள்ள வயர்போலக் கேட்டது. இப்படியொரு ஒலியைத் திருவிழாவில் கொடுத்திருந்தால் காசு தராமல் அனுப்பியிருப்பார்கள்.

மகனின் காதில் மாட்டவில்லை. நீங்களும் செய்யாதீர்கள். யூரியூப்பில் "ஓட்டிசத்துக்கான இசை" என்று கிடப்பதைப் போன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சிகிச்சை என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல்: அந்தச் சின்ன ஸ்பீக்கரால் கனத்த ஒலியைத் தரவே முடியாது. பிள்ளைக்குப் பிடித்தால் பாட்டாகக் கேட்கட்டும்.

மே 22

ஒலியளவு பற்றி. இதில் எனக்குப் பேச உரிமை இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்குச் சொல்லும் எல்லை 75 டெசிபெல், கிழமைக்கு 40 மணித்தியாலம். பெரியவர்களுக்கு 80. மூன்று டெசிபெல் கூட்டினால் ஒலியின் சக்தி இரட்டிக்கும், கேட்கக்கூடிய நேரம் பாதியாகும். ஹெட்போனில் எவ்வளவு போகிறது என்று வெளியில் நிற்பவருக்குத் தெரியாது. பிள்ளைக்கு மாட்டமுதல் நீங்கள் மாட்டிக் கேளுங்கள். மாட்டியபடி பக்கத்தில் இருப்பவர் சாதாரணமாகக் கதைப்பது விளங்க வேண்டும். விளங்காவிட்டால் குறையுங்கள்.

எங்கள் ஆட்கள் கட்டும் ஹோன் ஸ்பீக்கர் ஏன் காதைக் கிழிக்கிறது என்பதும் இதோடு சேர்ந்த கதைதான். மனிதக் காது 2000 முதல் 5000 ஹேர்ட்ஸ் வரை மிகக் கூர்மை. ஹோன் தன் பலத்தையெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் கொட்டும். தூரம் போவதற்காகச் செய்த சாமான் அது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் இறங்கும், ஆகவே பிள்ளையை ஹோனிலிருந்து பத்து மீற்றரில் இருந்து இருபதுக்குக் கூட்டிப்போனாலே வித்தியாசம் தெரியும். ஹோனின் வாயை நேரே பார்க்காமல் பின்பக்கம் நின்றால் இன்னும் குறையும். இதெல்லாம் ஒரு சதம் செலவில்லாத வைத்தியம்.

இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று 2007இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, சில விலக்குகளோடு. அதை நினைவுபடுத்தினால் எனக்கே வேலை தராத சபைகள் உண்டு. பெயர் சொல்லமாட்டேன், அடுத்த வருடமும் பிழைக்க வேண்டும்.

மே 27

"வன்னிப் பிள்ளைகள் எல்லாருக்கும் இது யுத்தத்தால் வந்தது" என்று ஒருவர் தீர்ப்பெழுதியிருக்கிறார். 2016இல் பிறந்தவனுக்கு ஷெல் சத்தம் எங்கே தெரியும்? இப்படிப் பிள்ளைகள் யுத்தம் காணாத ஊர்களிலும் இருக்கிறார்கள்.

ஆனால் என் அம்மாவைப் பார்க்கிறேன். ஹெலி போனால் இப்போதும் கை நடுங்கும். கிபிர் விமானம் குண்டுபோட்ட காலத்துக் காது. மகன் சத்தத்தை முதலில் கேட்பதில்லை, அப்பம்மாவின் முகத்தைப் பார்க்கிறான். அவ விறைத்தால் அவனும் விறைக்கிறான். அதனால் வீட்டில் ஒரு பழக்கம் வைத்தோம்: சத்தம் வந்தால் அது என்ன என்று யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "ஹெலி, வவுனியாப் பக்கம் போகுது." "லான்ட்மாஸ்ரர், மாமாவின்ரை." பிள்ளைக்காகத் தொடங்கியது, அம்மாவுக்கும் உதவுகிறது. காரணமும் தீர்வும் வேறு வேறு இடத்தில் இருக்கலாம், தீர்ப்பெழுதியவர் கவனிக்கவும்.

ஜூன் 2

ஊஞ்சலும் பாரமான வேலையும் பற்றி. அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஜீன் எயர்ஸ்தான் புலன்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்யாவிட்டால் பிள்ளை தடுமாறும் என்ற எண்ணத்தை 1972இல் புத்தகமாக்கியவர். ஊஞ்சலாடினால், தசையும் மூட்டும் வேலை செய்தால் உடம்பு அமைதியாகும் என்பது அந்த வழியில் வந்தவர்களின் அனுபவம். மகனை முன்பு பார்த்த சிகிச்சையாளர், சத்தமான இடத்துக்குப் போகமுதல் பாரமான வேலை கொடுங்கள் என்றா. இங்கே அதற்குக் குறைவா? தண்ணீர் வாளி தூக்குவான், தேங்காய்க் குவியலை மாற்றி அடுக்குவான், வயர் ரோலை உருட்டிவருவான். வேலையும் முடிகிறது.

கொழும்பில் ஒரு தனியார் நிலையத்துக்கும் போனோம். பிள்ளையைப் பத்து நிமிடம் பார்த்தார்கள், கேட்டல் பரிசோதனை பற்றி வாயே திறக்கவில்லை, முழுத் தொகுதிக்கும் முன்பணம் கேட்டார்கள். ஏ9 வீதியில் திரும்பி வரும் வழி முழுக்க மனைவி பேசவில்லை.

ஜூன் 21

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்வந்தோம். முன்பு நினைத்தும் பார்க்காத காரியம். முள்ளியவளையிலேயே நின்று, காட்டா விநாயகர் கோயிலைப் பகலில் சனம் வரமுதல் காட்டினோம். வற்றாப்பளைக்குப் பின்னேரம். தொழிலாளிகள் கிரைண்டர் பிடிக்கும்போது போடும் காதுமூடி இருக்கிறதே, ஹாட்வெயார் கடையில் விற்பது, அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தான். பறை மேளம் கிட்ட வர ஏற்றினான், போனதும் இறக்கினான். ஒருவரும் சொல்லவில்லை. ஒரு கிழவி "ஏன் ராசா ரேடியோ கேக்கிறியோ" என்று கேட்டா, அவ்வளவுதான்.

முழு இரவும் நிற்கவில்லை. அழமுதல் வெளிக்கிட்டோம்.

அந்த மூடியை நாள் முழுக்கப் போடவிடாதீர்கள். அமைதிக்கே பழகிய காதுக்குச் சாதாரணச் சத்தமும் பிறகு கூடுதலாகத் தெரியும்.

ஜூன் 24

பிள்ளையோடு சேர்ந்து இசை வாசிக்கும் சிகிச்சையாவது நிச்சயமா என்று கேட்டவருக்கு: 2017இல் ஒன்பது நாடுகளில் 364 ஓட்டிசப் பிள்ளைகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், சமூகத் தொடர்புக் குறைபாட்டின் புள்ளியில் வித்தியாசம் வரவில்லை. 2022இல் கொக்ரேன் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பொதுவான முன்னேற்றத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் கொஞ்சம் பயன் இருக்கக்கூடும் என்றது. ஓட்டிசம் மாறும் என்று யாராவது சொன்னால் காசைச் சட்டைப்பைக்குள் வையுங்கள்.

மகன் காத்தவராயன் கூத்துக்காரரின் ஆர்மோனியத்துக்குத் துருத்தி போடுகிறான். அண்ணாவியார் வாசிக்க இவன் காற்றுக் கொடுப்பான். சிகிச்சையா என்று கேட்காதீர்கள். அந்த நேரம் காதில் கை இல்லை.

ஜூலை 1

நெடுங்கேணித் தங்கச்சி எழுதியிருக்கிறா. கிளினிக்குக்குத் திகதி கிடைத்துவிட்டது, மச்சாள் கோபம், காசுக்குப் பதிலாக என்ன அனுப்பச் சொல்வது என்று கேட்கிறா.

பிள்ளைக்கு அளவான காதுமூடி ஒன்று, பெரியவர்களுடையது நழுவும். ஊஞ்சலுக்கு நல்ல உருக்குக் கொழுக்கி, சுழல்கிற வகை. இங்கே கிடைப்பது துருப்பிடிக்கும். மாமரக் கொம்பில் கட்டுவதென்றால் முதலில் நீங்கள் தொங்கிப் பாருங்கள். பரிசோதனை முடிந்து சிகிச்சையாளர் யாராவது ஹெட்போன் முறையைச் சொன்னால், எதற்காக, எத்தனை கிழமை, எது மாறாவிட்டால் நிறுத்துவோம் என்று தொடங்கமுதலே கேட்டு எழுதி வையுங்கள். "எல்லாம் மாறும்" என்பது பதில் இல்லை. "கிரைண்டர் போட்டால் அறைக்குள் இருப்பாள்" என்பது பதில்.

ஜூலை 2

இந்த இடத்தில் வந்து சாமத்திய வீட்டுக்கு சவுண்ட் கேட்ட பரந்தன் அண்ணைக்கு: ஓம், அந்தத் திகதி ஓய்வுதான். சின்ன பொக்ஸ் ஆறு, பந்தலைச் சுற்றிப் பரப்பிக் கட்டுவேன், எல்லாருக்கும் ஒரே அளவில் கேட்கும், பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கவும் முடியும். சந்திவரை கேட்கிற ஹோன்தான் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பிடியுங்கள்.